கூர்முனை கீழே நட்ட தட்டு

மருமகளுக்கு,

இதில் இருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை.

"மாமா, மாத்தி நட்டுட்டீங்களா? பண்ணை முதலாளிகிட்ட நாளைக்கு எதைக் காட்டுவேன்?" என்று நேற்று நீ கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ சொன்னபடிதான் நட்டேன். பூசணி விதையின் கூர்முனையில்தான் வேர் விடும் என்றாய். எப்படி நட்டால் நேராக முளைக்கும் என்று முதலாளிக்குக் காட்ட, முதல் நாற்றுத் தட்டில் கூர்முனை கீழே, இரண்டாவதில் மேலே. ஒவ்வொரு விதையாகத் திருப்பிப் பார்த்து நட்டு இடுப்பே போய்விட்டது. தலைகீழாய் இருந்த விதைகள் புரண்டு புரண்டு படுத்த சத்தத்தில் என் மதியத் தூக்கமும் போச்சு. அதில் ஒன்றின் வேர் வழி தெரியாமல் தரையைத் துளைத்து, கீழ்வீட்டுக்காரர் மின்விசிறியில் சுற்றிக்கொண்டது. மனுஷன் ஏணி போட்டு ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

ஆகவே இரண்டு தட்டிலும் பாதி நேராகவும், பாதி கோணலாய், விதை ஓடு தலையில் ஒட்டியபடியும் முளைத்திருந்தால், அது விதைகளின் திமிர்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு போகாதே. சாவியை என் பழைய செருப்புக்கு அடியில் வை.

முதலாளி சத்தம் போட்டால், கிழவன்தான் நட்டான் என்று சொல்லிவிடு.

இன்னொன்று. நடுவதற்கு முந்தின நாள் பழுதுபார்க்கக் கொடுத்த என் மூக்குக்கண்ணாடியை வாங்கிவரத்தான் இப்போது கடைக்குப் போகிறேன்.