சாமி இல்லாத கோயில்

மதினி,

இன்று காலை எதிர்வீட்டு வாசலில் கொட்டிக்கிடந்த ஜல்லிக்கல் மேல் மழை பெய்தது. ஈரக் கல்லின் வாசனை சன்னல் வழியே வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மலேசியாவில் என் மகளுக்குப் பிரசவம். தனியாக விமானம் ஏறப் பயந்து உங்களைத் துணைக்கு இழுத்துப் போனேன். அண்ணன் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திருச்சுழி கோயிலில் கும்பிட்டுவிட்டு விருதுநகருக்கு லோடு ஏற்றிப் போனவர் அவர். பாலவனத்தம் பக்கத்தில் லாரி கவிழ்ந்துவிட்டது. "அவுக நெத்தியில துன்னூறுகூட அழியலையே" என்று அன்று ஒரே ஒரு முறை சொன்னீர்கள். அதன் பிறகு எந்தக் கோயிலுக்குள்ளும் நீங்கள் நுழையவில்லை. எங்கள் முன்னால் அழவும் இல்லை. அவருடைய பருத்திக்கொட்டைக் கடை பூட்டியே கிடந்தது.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள் மருமகன் நம்மைக் காரில் கடாரத்துப் பக்கம் கூட்டிப்போனார். மலையடிவாரத்தில் ஓடை, அதன் கரையில் இடிந்த பழங்கோயில். கோயில் என்றதும், "நீங்க போயிட்டு வாங்க, நான் கார்லயே இருக்கேன்" என்றீர்கள். காவலுக்கு இருந்த தமிழர் உங்களுக்குக் கால்வலி என்று நினைத்துக்கொண்டார்.

"பெருசா ஒண்ணுமில்லம்மா. சாமியெல்லாம் எப்பவோ போயிருச்சு, வெறும் கல்லுதான்."

"சாமி இல்லையா? அப்ப வாரேன்" என்று இறங்கினீர்கள். மருமகன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

கூரையில்லை, கதவில்லை. கருவறை இருந்த இடத்தில் சதுரமாக ஒரு வெற்றுத் தரை. நீங்கள் நேரே போய் அதன் நடுவில் நின்றீர்கள். மழை பிடித்தது. குடையோடு ஓடிவந்தேன்.

"பாரேன்த்தா, இம்புட்டுப் பெரிய வீடு கட்டிக் குடுத்தவுக ஒருத்தர்கூட இல்ல. சாமிக்கே வீடு காலியாக் கெடக்கு, பாவம்" என்றீர்கள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "ஒண்ணும் சொல்லாத. சும்மா நில்லு."

நின்றேன். அத்தனை வருட அழுகையையும் அங்கே அழுது தீர்த்தீர்கள். பிறகு ஓடையில் முகம் கழுவிக்கொண்டு, "பசிக்குது, சாப்புட என்ன இருக்கு?" என்றீர்கள். நீங்களாகச் சோறு கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது!

ஊருக்கு வந்த வாரமே கடையைத் திறந்து கல்லாவில் உட்கார்ந்தீர்கள். காடுகரை வைத்து விவசாயம் செய்யும் ரெட்டியபட்டி சம்சாரிகள் முதலில் தயங்கினார்கள், பிறகு உங்களிடம்தான் மாட்டுக்குக் கொட்டை வாங்குவோம் என்று நின்றார்கள். திருச்சுழிக்கு உடனே வரவில்லை. வந்த அன்று சன்னதியில் நீங்கள் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. "நல்லாருக்கீகளா?" என்று மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பினீர்கள். அர்ச்சகர் என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்த்துச் சிரித்தேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு துக்க வீடுகளில் நான் அதிகம் பேசுவதில்லை. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணின் கணவர் இறந்துபோனார். கோயில் கோயிலாகப் போய்வரச் சொல்லி அவளை ஆளாளுக்குப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எழுந்து போன பிறகு கேட்டேன்.

"திருச்சுழி பஸ்ஸுக்கு வாரியா தாயி? கும்பிட வேண்டாம். சன்னல் சீட்டுல உக்காந்து சும்மா வா."

அவள் எழுந்து, கொடியில் கிடந்த சேலையை எடுத்தாள்.