மாப்பிள்ளைக்கு எத்தனை ஊசி

மார்ச் 4

மாமனார் ஸ்கூட்டர் வாங்கி வருகிறேன் என்று போனார். குதிரையோடு வந்தார்.

ஸ்கூட்டரை விற்பதாகச் சொன்ன நண்பர் சவாரிப் பள்ளி நடத்தியவராம். பள்ளியை மூடிவிட்டார். மற்ற குதிரைகளை யார் யாரோ கூட்டிப்போக, வயதானது என்று இது மட்டும் நின்றுவிட்டதாம். "என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு" என்றார் மாமா. அதற்கு மேல் விளக்கம் கிடையாது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். கிளம்பிவிட்டால் நிறுத்தமாட்டார்.

பின்பக்கக் கொட்டகையில் உடைந்த மரப்பெட்டிகளை ஓரம் தள்ளி இடம் பண்ணினோம். பெயரும் வைத்துவிட்டார். மாப்பிள்ளை.

"ஏங்க, இது என்ன பேரு?" என்றார் அத்தை.

"சொல்லாம கொள்ளாம வந்தான், நல்லா சாப்பிடறான், ஒரு வேலையும் செய்யறதில்ல. வேற என்ன பேரு வெக்கறது?"

நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். இந்த வீட்டின் அசல் மாப்பிள்ளை நான்தான். கல்யாணமானதிலிருந்து மாடி போர்ஷனில் இருக்கிறோம். என்னை அவர் 'மேல இருக்கறவரு' என்றுதான் சொல்லுவார்.

மார்ச் 8

அத்தை தன் தங்கையிடம் போனில்: "மாப்பிள்ளையா? யாரையும் கிட்ட சேர்க்கறதில்ல. நேத்து இவரையே உதைச்சிட்டாரு. தூங்கறதுகூட நின்னுக்கிட்டுதான்."

சின்ன அத்தை உடனே என் மனைவியைக் கூப்பிட்டு அழுதாராம். "துணிமணிய எடுத்துக்கிட்டு இங்க வந்துடும்மா."

மார்ச் 15

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் பாதியில் விடமாட்டாள். "இதுக்கு என்னென்ன ஊசி போட்டிருக்கு? எப்போ போட்டது?" என்று கேட்டாள். சவாரிப் பள்ளிக்காரர் போனை எடுக்கவில்லை. கால்நடை டாக்டரம்மாவை வரவழைத்தாள்.

"தெரியலைன்னா போடலைன்னுதான் அர்த்தம்" என்றார் டாக்டர். எந்தக் குதிரைக்கும் கட்டாயம் வேண்டியவை டெட்டனஸும் வெறிநோயும். டெட்டனஸ் ஊசி ஒன்று, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு வருஷத்துக்கு ஒன்று. வெறிநோய்க்கும் வருஷா வருஷம். மற்றதெல்லாம் அது எப்படி வாழ்கிறது என்பதைப் பொறுத்ததாம். வெளியே போகிறதா, வேறு குதிரைகளோடு சேருகிறதா என்றெல்லாம் கேட்டார். மாமாவைக்கூட யாரும் இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

"வருஷா வருஷமா?" என்றார் மாமா. "இது ஊசியா, இன்சூரன்ஸா? நான் பஸ்ல உக்காந்திருந்த காலத்துல எத்தனை பேரு என் பிடரியில இருமியிருப்பாங்க! ஒரு ஊசி போட்டிருப்பேனா? எனக்கென்ன ஆச்சு?"

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மரியாதை தெரிந்தவர்.

மார்ச் 17

வீடு மூன்று கட்சியாகிவிட்டது. மாமா: ஒன்றும் வேண்டாம். அத்தை: இருக்கிற எல்லா ஊசியையும் ஒரே நாளில் போட்டு விஷயத்தை முடித்துவிடலாம். மனைவி: டாக்டர் சொன்ன இரண்டு, சொன்ன நேரத்தில்.

சாப்பாட்டு மேஜையில் மாமா என் பக்கம் பார்க்காமல், "மேல இருக்கறவரு என்ன சொல்றாராம்?" என்றார். எதிரே உட்கார்ந்திருக்கிறேன். பொரியல் கிண்ணத்தை நானே அவர் பக்கம் நகர்த்தியிருக்கிறேன். இருந்தாலும் மேலேதான் இருக்கிறேனாம்.

"யோசிக்கணும்" என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பொரியல் ஆறிப்போனது.

மார்ச் 20

வேலை பார்க்கிற கடையிலிருந்து ரகசியமாக டாக்டரைக் கூப்பிட்டு, தொண்டையில் கட்டி வருகிற நோய்க்கும் ஊசி உண்டாமே என்று கேட்டேன். (அத்தை கேட்கச் சொன்னார்.)

"தனியா நிக்கற குதிரைக்கு எதுக்கு? இருக்கறதையெல்லாம் குத்தி வெக்க அது என்ன குண்டூசி மெத்தையா? வேணுங்கறத விடவும் கூடாது, வேண்டாததப் போடவும் கூடாது."

மார்ச் 26

முடிவு எதுவும் ஆகவில்லை. குதிரை என் சட்டைப் பொத்தானைத் தின்றுவிட்டது.

ஏப்ரல் 2

எழுத்து கோணுகிறது, போகட்டும்.

காலையில் குதிரை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பெட்டி ஒன்று நொறுங்கிக் கிடந்தது. குளம்புக்கு அடியில் துருப்பிடித்த ஆணி. மாமா பிடுங்கப்போனார். மனைவி போட்டாளே ஒரு சத்தம் — "தொடாதீங்கப்பா! டாக்டர் வரட்டும்!" — அப்படியே நின்றுவிட்டார். அவர் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் வந்து எடுத்தார். குளம்பைச் சீவி, கழுவி, கட்டுப்போட்டார். இரண்டு ஊசி, இரண்டு இடத்தில். ஒன்று டெட்டனஸிலிருந்து உடனே காக்கிற மருந்து, கொஞ்ச நாள்தான் தாங்கும். இன்னொன்று தடுப்பூசி. அது வேலை செய்ய நாளாகும்.

"முன்னாடியே போட்டிருந்தா இவ்வளவு பயம் வேண்டியதில்ல" என்றார். திட்டியிருந்தால்கூட தேவலை.

இன்னும் சில வாரம் கவனிக்க வேண்டும். தாடை இறுகுகிறதா, காது விறைக்கிறதா, கண்ணின் உள்மூலையில் இருக்கிற மூன்றாவது இமை வெளியே வந்து மூடுகிறதா, சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுகிறதா. வந்துவிட்டால்? டாக்டர் பையை மூடினார்.

மாமா கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டார். செத்துடுமோ? சே, என்ன எழுதறேன்.

ஏப்ரல் 5

வீட்டில் யாரும் பேசக்கூடாது. மிக்ஸி போடக்கூடாது. குதிரை திடுக்கிடும் என்று மாமாவின் உத்தரவு. அத்தை சைகையில் உப்பு கேட்டார். நான் கொட்டகையில் மாமாவுக்கு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன்.

கடைக்குக் கிளம்பும்போது மாமா என் சட்டையைப் பிடித்தார். கிசுகிசுப்பாக: "கண்ணு உங்க டிபார்ட்மென்ட்தானே? வந்து பாருங்க."

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃப்ரேமில் மாட்டுகிறவன். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிற கண்ணைக்கூட நான் பார்ப்பதில்லை. இதை அவருக்குச் சொல்ல இது நேரமா? டார்ச்சை அடித்துப் பார்த்து, "இமை நார்மல்" என்றேன். குதிரை என் முகத்தில் தும்மியது.

"நாளைக்கும் பாத்துடுங்க" என்றார் மாமா.

ஏப்ரல் 9

இன்று உயிர் போய் வந்தது.

குதிரை புல்லைத் தொடவில்லை. வாயை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. எச்சில் ஒழுகுகிறது. தலையை உதறுகிறது. "தாடை இறுகிடுச்சு!" என்றார் மாமா. "ஐயையோ, வெறிநோய்!" என்றார் அத்தை. வாய்க்குள் கையை விடப்போன மாமாவை நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துப் பிடித்தோம்.

டாக்டர் வந்ததும் முதலில் கையுறை மாட்டினார். "எச்சில் ஒழுகினா நாங்க இப்படித்தான் வருவோம்." தாடையைத் தடவினார், காதைத் தட்டினார். மாமா என் தோளில் சாய்ந்து அழுதே விட்டார். "வேணாம்னு சொன்னேனே... வாய் இல்லாத ஜீவன்யா அது... நான்தானே சொன்னேன்..."

எனக்கும் பொத்தான் போனால் போகட்டும் என்றிருந்தது.

டாக்டர் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். அப்புறம் இடுக்கியை விட்டு எதையோ நெம்பி வெளியே எடுத்தார். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே, மேலண்ணத்தில் குறுக்காகச் சிக்கியிருந்த ஒரு மரத்துண்டு. அதில் 7, 8, 9, 10 என்று எண்கள்.

"என் ஸ்கேல்!" என்றாள் மனைவி. முந்தின நாள் கொட்டகையில் உட்கார்ந்துதான் நோட்டு திருத்தியிருந்தாள்.

குதிரை வாயை இரண்டு தரம் மூடித் திறந்து பார்த்துவிட்டுப் புல்லுக்குப் போனது. மிச்ச ஸ்கேலைத் தேடினோம். 11, 12 புல்லுக்கடியில் கிடந்தது. 1 முதல் 6 வரை இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டிய வழியில் கிடைக்கும் என்றார் டாக்டர்.

மே 3

கால் ஆறிவிட்டது. பயந்த நோய் வரவில்லை. இன்று டெட்டனஸ் இரண்டாவது ஊசி, கூடவே வெறிநோய்க்கும் ஒன்று. இனி வருஷத்துக்கு ஒருமுறை.

டாக்டர் பையை மூடும்போது மாமா கேட்டார்: "குதிரைக்கு ஃப்ளூ ஊசின்னு ஒண்ணு இருக்காமே?"

"தனியாத்தானே இருக்கு? வேண்டாம் சார். மத்த குதிரைங்களோட பழகினாதான் வேணும். அதுவும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போடணும்."

மாமா குதிரையையே பார்த்தார். பின்வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மைதானத்தில் நாலைந்து குதிரைகள் மேய வருகின்றன. அவை கனைத்தால் இது வேலிவரை போய் நின்றுகொள்கிறது. நாங்கள் எல்லோரும் பார்த்ததுதான்.

"அப்போ போடுங்க. அது பழகட்டும்."

வருஷத்துக்கு ஒன்றுகூட வேண்டாம் என்று குதித்த மனுஷர்! மனைவி வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

ஆகஸ்ட் 18

மைதானத்தில் மாமா ஆட்சி. புதிதாக யார் குதிரை கொண்டுவந்தாலும் வேலி வாசலில் மறித்து, "ஊசி போட்டாச்சா? எப்போ? ரெண்டாவது?" என்கிறார். ஒருவரைத் திருப்பியே அனுப்பிவிட்டார். அந்த ஆளின் கோபத்தைத் தணிக்க நான் அவருக்கு இலவசமாகக் கண்ணாடி துடைத்துக் கொடுத்தேன்.

மே 4 (புது டைரி)

வருஷாந்திர ஊசி. மைதானத்திலேயே போட்டுவிடலாம் என்றார் டாக்டர். குதிரை அங்கேதான் இருக்கிறது, பகல் முழுக்க. ஒரு கிழட்டுச் சாம்பல் குதிரையோடு சேர்ந்துகொண்டு, ஒன்றின் முதுகை ஒன்று பல்லால் சொறிந்தபடி நிற்கும்.

இன்றும் அப்படித்தான் நின்றது. டாக்டர் அதன் கழுத்தில் குத்தினார். அதற்குத் தெரியவே இல்லை. காதுகூட ஆடவில்லை.

மாமாதான் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார்.

"போட்டாச்சு மாமா."

"தெரியும்" என்றார். கையை விடவில்லை. வேலியோரமாக அப்படியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்கு லேட்.