ஆறு மணிக்கு அடிக்காத போன்

காட்டுப்பாக்கம்,
14.7.2025

அன்பு மகள் ரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், நசரத்பேட்டையில் உன் அத்தை சுகம், நீ மாற்றிக் கொடுத்த போன் ஒன்றுதான் சுகமில்லை. அங்கே மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளை ரூபஸும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுநடுவே 'அப்பா டென்ஷன் ஆகாதீங்க' என்பாய், நான் இன்னும் டென்ஷன் ஆவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

இருபத்தாறு வருஷம் ஒழுங்காக இருந்த போன் அது. புயலடித்துத் தெருவே இருட்டாகக் கிடந்த நாளிலும் ரிசீவரை எடுத்தால் கொர்ரென்று சத்தம் வரும். நீ அங்கே உட்கார்ந்தபடி ஏதோ ஆப்பில் அமுக்கினாய், ஒரே பில்லில் போனும் நெட்டும் என்றாய், நம்பர் மாறாது என்றாய், பெண் ஆசையாகச் செய்கிறாளே என்று நானும் தலையாட்டினேன். போன செவ்வாய்க்கிழமை கம்பெனி ஆள் வந்தார், பழைய ஒயரைக் கத்தரித்துப் போட்டார், டிவிக்கு மேலே ஒரு வெள்ளை டப்பாவை மாட்டிப் போனை அதில் சொருகினார். முப்பத்தாறு வருஷம் பாடியில் இருக்கிற ஃபேக்டரியில் மெஷினோடு மல்லுக்கட்டியவன் நான், கேட்கத் தெரியாதா, கரெண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். 'இப்பல்லாம் எங்க சார் கரெண்ட் போவுது' என்று சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்! மறுநாள் காலையில் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் அத்தை சகாயம்மாளுக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு உண்டு, நீ ஊரை விட்டுப் போன பிறகு வந்தது, அதனால் உனக்கு முழுசாகத் தெரியாது. மாமா இறந்த வருஷம் அத்தை பாத்ரூமில் வழுக்கி விழுந்து ஒரு பகல் முழுக்கத் தரையிலேயே கிடந்தாள், கேட்க நாதியில்லை. அதிலிருந்து, காலை ஆறு மணிக்கு மாதா கோயிலில் திரிகால ஜெப மணி அடித்ததும் அவள் எனக்குப் போன் போடுவாள், இரண்டே மணி, உடனே வைத்துவிடுவாள். நான் எடுக்கக் கூடாது. பிறகு நான் அவளுக்கு இரண்டு மணி. நான் எழுந்துவிட்டேன், நீயும் எழுந்துவிட்டாயா, அவ்வளவுதான் விஷயம். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. உன் அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் காலையிலும் அந்த இரண்டு மணி அடித்தது, அதைக் கேட்டுத்தான் நான் கட்டிலை விட்டு எழுந்தேன்.

அந்தப் புதன்கிழமை அடிக்கவில்லை. ஆறேகால் வரை பார்த்தேன், செல்லை எடுத்து அவள் வீட்டுக்குப் போட்டேன், மணி போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. சட்டைப் பித்தான்கூட ஒழுங்காகப் போடாமல், கதவை இழுத்துச் சாத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி வழியாக ஓடினேன், லாரிக்காரன் ஒருத்தன் திட்டிய திட்டு உனக்கு எழுதும்படியாக இல்லை. போனால் கதவில் பூட்டு. யாரோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். எதிர்வீட்டு பத்மா வெளியே வந்து, 'அக்கா உங்க ஊட்டுக்குத்தாண்ணே ஆட்டோல போச்சி, உங்களுக்கு இன்னாமோ ஆயிடுச்சின்னு அழுதுகினே போச்சி' என்றாள். எனக்கு ஆகிவிட்டதாம்! திரும்ப விரட்டிக்கொண்டு வந்தால் நம் வீட்டுப் படியில் உன் அத்தை, எழுபத்தைந்து வயசில், மூட்டுவலியோடு, செருப்புகூட இல்லாமல், கையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிறாள். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவாயிற்றே, நான் உள்ளே கிடக்கிறேன் என்று தட்டித் தட்டி அவள் கையெல்லாம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும், 'அடப்பாவி, நீ செத்துட்டன்னு நெனச்சி ஓடியாந்தா வண்டி எடுத்துகினு ஊர் சுத்திகினு கீறியா' என்று தோளில் ஒரு அறை விட்டாள். அப்புறம் அதே தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன் ரியா, தெருவே பார்த்தது, எனக்கு வெட்கமில்லை.

அவள் என்னவோ சரியாக ஆறு மணிக்கு அடித்துத்தான் இருக்கிறாள். மணி போகாமல் யாரோ ஒரு பெண் இங்கிலீஷிலும் இந்தியிலும் பேசியிருக்கிறாள். மூன்று தடவை போட்டாளாம், மூன்று தடவையும் அந்தப் பெண்தான். என் செல் நம்பர் அத்தையின் டைரியில் இருக்கிறது, டைரி எங்கே இருக்கிறது என்பது அந்த அந்தோணியாருக்குத்தான் வெளிச்சம். ஆட்டோ பிடித்துவிட்டாள். சரி டப்பாவுக்கு என்ன கேடு என்று கேட்பாய். சொல்கிறேன், என்னைக் குறை சொல்லாதே. இடி விழுந்து டிவி எரிந்ததிலிருந்து படுக்கப் போகுமுன் வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைக்க வேண்டும் என்பது உன் அம்மா போட்ட சட்டம். அவள் போன பிறகும் நான் மீறியதில்லை. டப்பா சுவிட்சும் அதோடு சேர்ந்து அணைந்திருக்கிறது. போனுக்கு சுவிட்ச் உண்டு என்று எவன் கண்டான்? அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாய் முத்தா உதிர்ந்திருக்கும்? கஸ்டமர் கேருக்குப் போட்டால் ஒன்றை அமுக்கு, நாலை அமுக்கு, பாட்டைக் கேள். கடைசியில் வந்த பெண் 'பவர் ஆன் பண்ணிப் பாருங்க சார்' என்றாள். ஆன் பண்ணிவிட்டேன் தாயே, முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்கிறேன் என்றேன். லைன் கட் ஆகி, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் வருகிறது. யார் தீர்த்தது, எதைத் தீர்த்தது? பழைய ஒயரைத் திரும்பப் போடுங்கள் என்றால் அதெல்லாம் இனிமேல் கிடையாதாம்.

இப்போது சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன், டப்பாவுக்கு ஒரு சின்ன பேட்டரியும் மாட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் கரெண்ட் போனபோது தாங்கியது. தாங்கியதால் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. நேற்றுப் பூசை முடிந்து அத்தையிடம், உன்னை நன்றாக வைது கடிதம் எழுதப் போகிறேன் என்றேன். 'புள்ளைய வையாதடா, நம்ம ஆறு மணி சங்கதி அதுக்கு இன்னா தெரியும், நீ எப்பவாச்சும் சொன்னியா' என்று கேட்டாள். நான் சொன்னதில்லைதான்.

இப்போது சொல்லிவிட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், நீ கூப்பிட்டுப் பன்னிரண்டு நாளாகிறது. வேலை இருக்கும், பேசவும் தினம் என்ன இருக்கிறது, எனக்குப் புரியாமல் இல்லை. பேச வேண்டாம். அத்தை அடித்து நானும் அடித்து முடிக்க இங்கே ஆறு அஞ்சு ஆகும், உனக்கு அப்போது பத்தரை தாண்டியிருக்கும், இரண்டு மணி அடித்து வைத்துவிடு. நான் எடுக்க மாட்டேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்ணின் மணியாகக் காக்கட்டும், மாதா துணை நிற்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இரண்டு மணிதான், மறந்துவிடாதே, மூன்றாவது அடித்தால் பயந்துவிடுவேன்.

உன் அப்பா,
ச. இக்னேஷியஸ்