மூன்றாவது கட்டம் வஹீபாவின் வீடு

போர்ட் சயீத்

என் மகள் இன்ஷிராஹுக்கும் மருமகனுக்கும் பேத்தி லுப்னாவுக்கும் அல்லாஹ் நல்ல சுகம் தரட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. நான் சொல்லச் சொல்ல மருந்துக்கடை ரிஃபாத் எழுதுகிறான். கை வலிக்கிறது என்கிறான், வலிக்கட்டும்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். சில்லாட்டத்தில் லுப்னா சில்லைக் காலால் தள்ளிக்கொண்டு போனாளாம், கனடாவில் அதைத் தாண்டித்தான் குதிக்கவேண்டும் என்று பிள்ளைகள் சிரித்தார்களாம், அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காமல் சுவரோரம் நிற்கிறாளாம், ஊருக்கே கூட்டிவந்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். டிக்கெட் எடுக்குமுன் இதைக் கேள்.

பாலஸ்தீனச் சண்டைக்கு முந்தின வருஷம், காலரா வந்து ரயிலையெல்லாம் நிறுத்தினார்கள். எனக்கு ஒன்பது வயது, தங்கை வஹீபாவுக்கு ஏழு. ஷர்க்கியாவில் எங்கள் கிராமத்தில் அம்மா அந்தக் காலராவில்தான் போனாள். மறுபடி ரயில் ஓடியதும் எங்களை இங்கே மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அம்மா போனதிலிருந்து வஹீபா ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தில் பிள்ளைகள் கரியால் கட்டம் போட்டு ஆடுவார்கள். எங்கள் ஊரில் சில்லைத் தள்ளுவோம், இங்கே தாண்டுவார்கள். துறைமுகக் கூலி தல்பாவின் மகள் நிமத்துக்குத்தான் வாய் அதிகம். "ஏய் பட்டிக்காடு, சில்லத் தள்ளுறியா, எருமை ஓட்டுறியா?" என்பாள். வஹீபா மூன்று நாள் பார்த்துக்கொண்டே நின்றாள், நாலாம் நாள் இவர்கள் மாதிரியே தாண்டி மூன்றாவது கட்டத்தை ஜெயித்துவிட்டாள். ஜெயித்த கட்டம் அவரவர் வீடு, வீட்டுக்காரி வாயால் "வை" என்று சொல்லாமல் யாரும் அதில் கால் வைக்கக்கூடாது. இரண்டும் நான்கும் வேறு பிள்ளைகளின் வீடு, அவர்கள் விடவில்லை, வஹீபாவின் மூன்றில் கால் வைத்தால்தான் நிமத் மேலே போகமுடியும். முதல் கட்டத்தில் ஒற்றைக் காலில் நின்று நிமத் தள்ளாடினாள். "சொல்லுடி, விழப்போறேன்!" வஹீபா தலையை ஆட்டினாள். "தலையாட்டுனா செல்லாதுடி, வாயத் தொற!"

"வை" என்றாள் வஹீபா.

மாமாவிடம் சொல்ல நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். அதன்பிறகு சாகும்வரை உன் அத்தை வாயை மூடவில்லை என்பது உனக்கே தெரியும்.

போன வாரம் நிமத்திடம் லுப்னாவைப் பற்றிச் சொன்னேன். "போடா பயூமி, அன்னிக்கு நான் எங்க விழப்போனேன்? மக்ரிப் தொழுகை வரைக்கும் ஒத்தக்கால்ல நின்னிருப்பேன். அந்தப் புள்ள வாயத் தொறக்கட்டும்னுதான் தள்ளாடிக் காட்டுனேன்" என்கிறாள். அறுபத்து மூன்று வருஷமாக என்னிடம் சொல்லவில்லை பார்.

ஆகவே மகளே, அவசரப்படாதே. வீட்டுக்குள் கட்டம் போட்டு லுப்னாவுக்குத் தாண்டப் பழக்கு, தள்ளுவதையும் மறக்கவிடாதே. அங்கே ஒரு கட்டம் அவளுடையதாகட்டும். சிரிக்கிற பிள்ளைகளுக்குள்ளேயே ஒரு நிமத் இருப்பாள். குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த வீடும் தரட்டும்.

கைநாட்டு,
உன் அப்பா பயூமி

லுப்னா பேசிய அன்றைக்கே போன் பண்ணு. நான் மட்டுமில்லை, அன்று ஆடிய எட்டுப் பேரில் என்னைத் தவிர மிச்சமிருக்கிற ஒருத்தியும் காத்திருக்கிறாள், நிமத்.