திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள், அப்பா

என் கையைப் பிடித்துக் கப்பலேற்றிய அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. போன வருடம் உங்களைக் கொண்டுபோன அதே வாந்திபேதி இந்த வருடமும் வந்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஆரம்பித்து, நம் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கிற கீழ் லயத்துக்குள் நுழைந்து, நான் பாடம் சொல்கிற பள்ளிக்கூடத்தை மூட வைத்தது. இப்போது திங்கட்கிழமை திறக்கப்போகிறார்களாம். போன வருடம் எப்படித் திறந்தார்களோ அப்படியேதான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மகள் அப்பாவுக்கு எழுதுவதைப் பத்திரிகைக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பி.ஏ. படித்த பிள்ளை என்று வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் சொல்லும்போது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். எழுதும்போது மட்டும் குரல் நடுங்குவதில்லை. படிக்கிறவர்கள் படிக்கட்டும். மேனேஜரும் படிக்கட்டும்.

முதலில் உங்கள் மேல் இருக்கிற கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் திட்டினால் நியாயமாக இருக்காது.

சிலோனில் நீங்கள் தோட்டத்துத் தொழிலாளர் சங்கத் தலைவர். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கிற பிள்ளைக் காம்பராவில், பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று தெரிந்த அன்று தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசைப் பிடித்து நிறுத்தினீர்கள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். துரை இறங்கி வந்தார். "பால் பாலா இருக்கணும் தொரை. வேற ஒண்ணும் கேக்கல" என்றீர்கள். குரலைக்கூட உயர்த்தவில்லை. மறுநாள் பால் பாலாக இருந்தது.

அந்த மனிதர் பந்தலூர் மலைக்கு வரும் வழியில் எங்கே இறங்கிப்போனார்?

போன வருடம், காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்புகிற பெரட்டுக் களத்தில், எல்லோருக்கும் முன்னால் மேனேஜர் உங்களைக் கேட்டார். "என்ன பெருமாள், பள்ளிக்கூடத்தைத் திறந்துடலாமா? கொழுந்து முத்திப் போகுது. பொம்பளைங்க பிள்ளையைக் காட்டி லீவு போடுறாங்க." நல்ல மழை. நீங்கள் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நனைந்தபடி, "ஐயா பாத்துச் செஞ்சா சரிதாங்க" என்றீர்கள். லயத்து ஜனம் முழுவதற்கும் சேர்த்து நீங்கள் சொன்ன பதில் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏம்ப்பா, பள்ளிக்கூடத் தண்ணித் தொட்டியக் கழுவுனாங்களான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"அங்க சண்ட போட்டா இங்க அனுப்புனான். இங்க சண்ட போட்டா எங்கம்மா அனுப்புவான்?"

வேடிக்கைக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்துச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அந்தப் பயம் உங்களுக்குள் எப்போது வந்தது? கப்பலிலிருந்து இறங்கி மண்டபம் முகாமில் வரிசையில் நின்றபோதா? நாம் இறங்கிய ஸ்டேஷனிலெல்லாம் நம்மைச் சிலோன்காரங்க என்று விலகி நின்று பார்த்தார்களே, அப்போதா? நான் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள். வாசலிலிருந்து ரோடு வரைக்கும் பாதையின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரைத் தூவியிருந்தார்கள். மந்திரி வருகிறபோது கோடு போடுவார்களே, அந்த மாதிரி நேராக, வெள்ளையாக. தரையெல்லாம் பினாயில். நம் தலைமையாசிரியர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு என்னிடம், "ஏனுங்க டீச்சர், ஆஸ்பத்திரி கணக்கா மணக்குதுங்க. இனி என்னங்க பயம்" என்றார்.

பாதையை யாரும் குடிப்பதில்லை, அப்பா. பிள்ளைகள் குடிப்பது தொட்டித் தண்ணீரை. மேல் லயத்துக் கக்கூஸ் குழி மழையில் நிரம்பி வழிந்து எந்த ஓடையில் இறங்குகிறதோ, அதே ஓடையிலிருந்துதான் பள்ளிக்கூடத் தொட்டிக்குக் குழாய் வருகிறது. அந்தத் தொட்டியில் ஒரு சிட்டிகைப் பவுடர் விழவில்லை. மேனேஜர் நடந்து வருகிற பாதைக்கு மருந்து. பிள்ளைகளின் வயிற்றுக்கு ஓடைத் தண்ணீர்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகள் முதலில் தொட்டித் தண்ணீரைத் தொட்டதே இல்லை. சிலோனில் பழகியபடி, பால் இல்லாத தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றித்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். கொதித்த தண்ணீர். தலைமையாசிரியருக்கு அந்தப் போத்தல்களைப் பார்த்தாலே ஆகாது. பெரும்பாலும் சாராயக் கடையில் பொறுக்கிக் கழுவியவை. "பள்ளிக்கோடத்துக்கு வாரீங்களா, கடைக்குப் போறீங்களா? புட்டியெல்லாம் வெளிய வையுங்க. தண்ணி இருக்குதல்லோ, தண்ணி குடிங்க" என்று நிறுத்திவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்கு நாகரிகம் வர வேண்டும் என்று நினைத்தார். கெட்டவராக இருந்தால் எனக்குக் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும்.

திறந்த அந்த வாரமே பூரணம் அத்தையின் மகள் சுமதி என் வகுப்பில், என் மேசைக்கு முன்னால் வாந்தி எடுத்தாள். ரோட்டில் மண் சரிந்து லாரி வரவில்லை. நீங்கள்தான் அவளைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தீர்கள். அவள் எழுந்து கஞ்சி குடித்த அன்று நீங்கள் படுத்தீர்கள். அதற்குள் கீழ் லயத்தில் மாரியின் சின்னப் பயல் போய்விட்டான். பிறகு நீங்கள்.

அந்த நாட்களில் கடைத்தெருவில் அம்மாவுக்குச் சாமானை மேசைமேல் வைத்துத் தள்ளினார்கள். கையில் கொடுக்கவில்லை. இந்தக் காலரா நாடு நாடாகச் சுற்றிவருகிறது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். கடைத்தெருவில் மட்டும் அது நம் தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து கப்பலில் வந்த வியாதி. முகாமில் எல்லோருக்கும் ஊசி போட்டு, கை வீங்கிக் காய்ச்சலில் கிடந்தோமே, அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, இந்த வருடத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மேனேஜருக்கு நாற்காலி. தலைமையாசிரியர் பக்கத்தில் நின்றார். வேலை முடித்து வந்த பெண்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரோடு சுவராக நின்றேன். "திறக்கலாமா, வேண்டாமா? உங்க வாயாலேயே சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

பூரணம் அத்தை எழுந்தாள். "மூடி வச்சா பிள்ள பசியில சாகும். தொறந்தா பேதியில சாகும். எதுல சாகணும்னு எங்கள்ட்ட கேக்கத்தான் கூட்டம் போட்டிங்களா ஐயா?"

சில பெண்கள் சிரித்தார்கள். மேனேஜருக்கு முகம் சிவந்தது. ஆனால் அத்தை சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. மதியச் சோறு பள்ளிக்கூடத்தில்தான். மூடிய நாளிலிருந்து பிள்ளைகள் காலை ரொட்டியோடு சாயங்காலம் வரை இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண்கள் தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்துகொண்டு லயத்தில் நிற்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் போனால் அவர்களில் பாதிப் பேர் பலகைப் பக்கமே திரும்ப மாட்டார்கள். மூடியே வைத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் பிடிவாதமாக என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிராவிட்டால் நானும் இப்போது கொழுந்துக் கூடையோடுதான் நின்றிருப்பேன்.

எனக்கு ஆத்திரம் வந்தது அந்தக் கேள்வியில்தான். திறக்கலாமா, வேண்டாமா. எப்படித் திறப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்போது என்பதையும் கொழுந்து முத்துவதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். தொட்டியைத் திறந்து பார்த்தவர் யார்? கீழ் லயத்தில் புதிதாக யாரும் படுக்காமல் நாலு நாள் போகட்டும் என்று காத்திருக்கச் சொன்னவர் யார்? வயிறு சரியில்லாத பிள்ளை வீட்டில் படுத்திருந்தால் அதன் சோற்றை அங்கேயே கொடுத்தனுப்பலாம் என்று யாருக்காவது தோன்றியதா? சோற்றுக்காகவே நோயோடு வருகிற பிள்ளையை நான் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டுமா?

இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "ஐயா" என்பதற்கு மேல் வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திரும்பி நின்று சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். வகுப்பில் எழுதுகிற மாதிரி.

"என்னடி எழுதியிருக்கா?" என்று பூரணம் அத்தை மகளைக் கேட்டாள். சுமதி எழுந்து நின்று, பாடம் வாசிக்கிற ராகத்திலேயே வாசித்தாள்: "தண்ணீர் எங்கே கொதிக்கும்?"

"அவங்கவங்க வீட்டுல காய்ச்சிக் கொடுத்தனுப்பட்டும்" என்றார் மேனேஜர்.

அத்தை விடவில்லை. "வெறகு எங்கங்க ஐயா? வெட்டிப்போட்ட தேயிலக் குச்சியெல்லாம் மழையில ஊறிக் கெடக்கு. சோறாக்கவே கண்ணு எரியுது. பாக்டரி ஷெட்டுல காஞ்ச வெறகு மல மாதிரி இருக்குல்ல?"

"அது கொழுந்து வாட்டுறதுக்கு."

"அப்ப எங்க பிள்ளைகளும் கொழுந்தாப் பொறந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு அத்தை உட்கார்ந்தாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியர் என் பக்கமாகச் சாய்ந்து, "அதை அழிச்சுப்போடுங்க டீச்சர். ஐயா இருக்காருங்க" என்று மெதுவாகச் சொன்னார். துடைப்பானைக் கையில் எடுத்தேன். எடுத்து வைத்துக்கொண்டே நின்றேன். அழிக்கவில்லை. மேனேஜர் அந்தப் பலகையைப் பார்க்காமல் எழுந்து, திங்கட்கிழமை திறக்கிறோம், பவுடர் தூவியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆமாம், தூவியிருக்கிறார்கள். பாதை ஓரத்தில்.

பஸ்ஸுக்குப் போகும்போது தலைமையாசிரியர் நின்று, குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "புட்டியில டீ கொண்டாரட்டுங்க டீச்சர். நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டனுங்க." நான் தலையசைத்தேன். வேறு என்ன செய்வது? உங்களையும் மாரியின் பயலையும் புதைத்த பிறகு கிடைத்த அனுமதி. அதற்கும் விறகு இல்லை. சுமதியைப் பாருங்கள். போன வருடம் பிழைத்து எழுந்ததிலிருந்து, மூடுவதற்கு முந்தைய நாள் வரைக்கும் அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்ததில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை உதடு காய்ந்து உட்கார்ந்திருப்பாள். தேயிலை விளைகிற மலையில், பாக்டரி ஆட்களுக்குத் தினமும் அண்டாவில் தேத்தண்ணி கொதிக்கிற தோட்டத்தில், ஒரு பிள்ளைக்குக் கொதித்த தண்ணீர் ஒரு டம்ளர் இல்லை. இதை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத்தான் வருகிறது.

திங்கட்கிழமை என்ன செய்வது என்று நேற்று பெண்களோடு பேசினேன். லயத்தில் வீடு வீடாக, ஒவ்வொரு காம்பரா வாசலாகப் போனேன். ஒருத்தியாக இருந்தால் எனக்குப் பேச வருகிறது, அப்பா. அது இத்தனை நாளாகத் தெரியாமல் போய்விட்டது.

அம்மாவுக்கு என் மேல் கோபம். "டெம்பரவரி வேல. ஒத்த வார்த்தையில எடுத்துருவாங்க. அவரு போனது பத்தாதா?" என்று சொல்லிவிட்டு என்னோடு பேசவில்லை. இன்று காலை கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டே, "போறதுன்னா போ. ஆனா முன்னுக்கு உக்காராத. நடுவுல உக்காரு" என்றாள். அம்மா சொன்னதைக் கேட்டு உங்களை நினைத்துக்கொண்டேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சாக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருப்பீர்களா? தெரியவில்லை. உங்களைக் குறை சொல்லிக்கொண்டே உங்களைத் தேடுகிறேன்.

பள்ளிக்கூடச் சாவி என்னிடம் இருக்கிறது. லயத்தில் இருக்கிற டீச்சர் நான் ஒருத்திதான். நாளைக்கு அந்தக் கதவு திறக்காது. ஆனால் பள்ளிக்கூடம் நடக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு டம்ளரோடு பாக்டரிக்கு வருவார்கள். கொழுந்து லாரி நிற்கிற இடத்தில் பெரிய தகரக் கூரை இருக்கிறது. அதன் கீழே உட்காருவோம். பக்கத்திலேயே அண்டா, காய்ந்த விறகு, கொதிக்கிற தண்ணீர். பிள்ளைகளுக்கும் ஓர் அண்டா ஏற்றி, தொட்டியைக் கழுவி அந்தப் பவுடரை அதற்குள் எங்கள் கண் முன்னால் கொட்டுகிற வரைக்கும் வகுப்பு அங்கேதான். லாரி வந்து ஹார்ன் அடிக்கும். எழுந்திருக்கச் சொல்வார்கள். வேலையை விட்டு எடுத்தால் எடுக்கட்டும், அடுத்த நாளும் வந்து பாடம் சொல்வேன்.

உங்களுக்கு ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நான் நடுவில் உட்கார மாட்டேன். லாரி பக்கம் முகம் வைத்து முதல் ஆளாக உட்காருவேன். பிள்ளைகள் எனக்குப் பின்னால் இருப்பார்கள்.

உங்கள் மேல் கோபம் இன்னும் ஆறாத,
உங்கள் மூத்த மகள்
தவமணி