வஞ்சிருவின் பச்சை வாளி

1991 ஜூலை 12, வெள்ளி. தாம்பரம்.

காலையில் குழாயடியில் வஞ்சிருவோடு சண்டை. கென்யாவிலிருந்து போன வாரம்தான் எங்கள் ஹாஸ்டலுக்கு வந்தவள். தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும் என்பதால், ராத்திரியே வாளிகளை வரிசையில் வைத்துவிட்டுப் போய்த் தூங்குவோம். மலேசியாக்காரி, மொரீஷியஸ்காரி எல்லாருக்கும் பழகிவிட்ட வழக்கம். இவளுக்குத் தெரியாது. விடிந்ததும் நேராகக் குழாய்க்குப் போய் நிரப்பிக்கொண்டாள்.

"என் வாளி முன்னாடி நிக்குது, கண்ணு தெரியல?" என்று தமிழில் கத்திவிட்டு, அதையே இங்கிலீஷிலும் கத்தினேன்.

"வாளி நிற்கிறது, சரி. நீ எங்கே இருந்தாய்?" என்று அமைதியாகக் கேட்டாள்.

பெருக்க வந்த ரோஸி அக்காதான், "வாளி நின்னா ஆளு நின்னா மாதிரிம்மா, இங்க அப்டிதான்" என்றார். அதை இங்கிலீஷில் சொன்னேன். வஞ்சிரு தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். கோபமா, தெரியவில்லை. நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் டி.வி.யில் பாட்டு போடும் நேரம். ஹாலில் கால் வைக்க இடமில்லை. முன்வரிசை நாற்காலியில் வஞ்சிருவின் பச்சை வாளி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவள் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து அறை மாலதி வாளியைத் தூக்கிக் கீழே வைக்கப் போனாள்.

"ஏய், அங்க ஆள் இருக்கு, தெரியல?" என்றேன்.

ஹாலே சிரித்தது. வஞ்சிரு வந்து, வாளியை மடியில் வைத்துக்கொண்டு, பாதி நாற்காலியை எனக்குக் கொடுத்தாள்.

இப்போதுதான் குழாயடியில் வாளி வைத்துவிட்டு வந்தேன். பச்சை வாளி எனக்கு முன்னால் நிற்கிறது. நிற்கட்டும்.