நனைந்தால் ஒட்டிக்கொள்ளும் நூல்

நேற்று மாலை ஏரிக்கரையில் இருந்தவர்கள்: நான், நம் மகள் ஸ்டெல்லா, படகுக் கொட்டகை முனுசாமி, மேய்ந்துகொண்டிருந்த இரண்டு எருமைகள். எருமையையும் கணக்கில் சேர்த்துவிட்டாயா என்று கேட்பீர்கள். சேர்த்துவிட்டேன். உங்களைத்தான் சேர்க்க முடியவில்லை.

ஸ்டெல்லா பாய்மரப் படகைக் கரையேற்றியதும் பாயைச் சுருட்டக் கை வைத்தேன். நனைந்த கம்பளியின் வாடை எழுந்தது. மழைக்காலத்து ஞாயிறுகளில் நீங்கள் தோளில் பாயோடு வீட்டுக்குள் நுழையும்போது வருமே, அதே வாடை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாம்மா, மயக்கமா கீதா?" என்றார் முனுசாமி.

"இல்ல. நூல் இன்னைக்கும் ஒட்டிக்கிச்சு."

ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய கம்பளியில் சிவப்பும் பச்சையும் கேட்டீர்கள், நினைவிருக்கிறதா? பாயின் முன்விளிம்பை ஒட்டி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று தைத்து வை என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனீர்கள். நூல் நுனி தொங்கினால் எனக்குப் பொறுக்காது. இரண்டு முனையையும் அழகாகத் தைத்து முடிச்சுப் போட்டு வைத்தேன். வந்து பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"ஏளா, வாலையும் சேத்துக் கட்டிட்டா மாடு எதை வச்சு ஈ ஓட்டும்?"

அப்புறம் பாயை ஜன்னல் கம்பியில் கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டுக் காட்டினீர்கள். இரண்டு நூலும் பின்னால் நேராகப் பறந்தால் பாய் சரியாக நிற்கிறது. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் கயிற்றை இழுக்க வேண்டும். மறுபக்கத்து நூல் துவண்டால் கயிற்றை விட வேண்டும். "காத்தைக் கண்ணால பாக்க முடியாதுல்லா, அதான் நூலு" என்றீர்கள். அன்றிலிருந்து நூல் என் பொறுப்பு. தையல் ஓடும் இடத்தில் வால் சிக்காதபடி தள்ளித் தைப்பேன். சிலுப்பி நிற்கும் இழையை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிப் பொசுக்குவேன். நீங்கள் இருந்தவரை நூல் ஒட்டியது என்று பேச்சு வந்ததில்லை.

இப்போது பாய் நைந்துவிட்டது. துணி தண்ணீரைக் குடிக்கிறது. குடித்த துணி நூலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. பால் கணக்குக்குக் கீழே தினமும் எழுதுகிறேன். தேங்காய் எண்ணெய்: முன்னைவிட மோசம். முகப்பவுடர்: முதல் அலையிலேயே போயிற்று. மெழுகு: நூல் குச்சி போல விறைத்தது. வேளாங்கண்ணி மாதாவிடம் இதையெல்லாம் வேண்டலாமா என்று வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வேண்டுகிறேன்.

ஏன் இத்தனை பதைப்பு என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். போன வாரம் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். கிறிஸ்துமஸ் வரைதான் பொறுப்பார்களாம், அதற்குள் குவார்ட்டர்ஸ் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுப் பந்தயத்தில் ஸ்டெல்லா முதலாவதாக வந்தால் விளையாட்டுக் கோட்டாவில் ஃபேக்டரியில் வேலை. வீடும் அவள் பெயருக்கு மாறும். இல்லையென்றால் திருமழிசையில் ஒற்றை அறை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அந்த அறையில் உங்கள் கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது.

அவர் வந்தபோது அவள் டைப் வகுப்பில் இருந்தாள். இன்னும் அவளுக்குத் தெரியாது. எல்லாப் பந்தயத்தையும் போல இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி கயிறு பிடிக்கிறாள். நேற்றுத் திரும்பி நடக்கும்போது, "நூல் ஒட்டினா ஒரு தட்டு தட்டினா பிரியுது. நீ ஏம்மா செத்த வீடு மாதிரி மூஞ்சிய வச்சினு வர?" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

இன்று காலை, கிழிந்த குடையின் துணியில் மெல்லிய நாடா வெட்டி, ஓரத்தைச் சுடரில் காட்டி உருக்கி, தைத்து எடுத்துப் போனேன். முனுசாமி வாளித் தண்ணீரைப் பாயின் மேல் வீசினார். நாடா ஒரு கணம் ஒட்டியது. காற்று வந்ததும் உதறிக்கொண்டு பறந்தது.

"அண்ணாத்தே பாத்திருந்தா குடைக்காரிக்கு மெடல் குத்தியிருப்பாரு" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாப்பா காத்தோட பேசிக்கினு போவுது. நீ பயந்துகினு அத்தயும் பயமுறுத்தாத" என்றார்.

நூல் கவலை தீர்ந்தது. இனி அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள முடியாது.

ஒரு வருடம், பந்தயத்தில் ஜெயித்தால் சார்ஜ்மேன் பதவி நிச்சயம் என்று யாரோ உங்கள் காதில் போட்டுவிட்டார்கள். நூல் துவண்டது தெரிந்தும் கயிற்றை விட மனம் வராமல் இறுக்கியே பிடித்துக் கடைசியாக வந்தீர்கள். "தெரியாம போயிருந்தா ஜெயிச்சிருப்பேன்" என்று சாப்பிடாமல் படுத்தீர்கள். அதை நினைத்தால் அவளிடம் சொல்ல வேண்டாம் என்று தோன்றுகிறது.

ஆனால் ஆஸ்பத்திரியில், "பிள்ளைக்குப் பரிட்சை, இப்பச் சொல்லாத" என்று நீங்கள்தானே சொன்னீர்கள். சொல்லவில்லை. அவள் பரிட்சை எழுதிவிட்டு வந்தபோது உங்கள் கால்விரல்களைக் கட்டியிருந்தார்கள். "ஏம்மா சொல்லல?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அடுப்படியில் நிற்கிறேன், கோயிலில் முழங்கால் போடுகிறேன். அவளிடம் இன்னொரு தடவை மறைக்க எனக்குத் தைரியம் இல்லை. சொல்லி, உங்களைப் போல அவளையும் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வைக்கவும் தைரியம் இல்லை.

அன்று முடிவு நீங்கள் சொன்னீர்கள். இன்று நான் மட்டும் இருக்கிறேன். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் அவள் ஏரிக்குக் கிளம்பிவிடுவாள். கனவில் வந்தாலும் சரி, பூசை வாசகத்தில் ஒரு வரியாக வந்தாலும் சரி. அவளிடம் சொல்லட்டுமா, வேண்டாமா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.